எலிகளைப் பற்றிய கேள்வி

பதினேழு நாள் நீலத்துக்குப் பிறகு
பச்சை ஒரு சத்தம்போல் கேட்டது.
கரை தெரியும் முன்பே
ஆட்டுக்கிடை வாசமும், யாரோ எரித்த தேங்காய்மட்டைப் புகையும்
படகில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

ஆழம் எட்டு மீட்டர்.
நங்கூரம் கடற்புல்லில் மூன்று முறை வழுக்கியது.
மூன்றாம் முறை
சுற்றி நின்ற பாய்மரப் படகுகள் எல்லாவற்றிலும்
காப்பிக் கோப்பையோடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.
மார்கிட் அவர்களைப் பார்க்கவில்லை.
நான் பார்த்துவிட்டேன்.

'இரண்டாம் நோட்டீஸ்' என்று பெயர் எழுதிய துடுப்புப் படகில்
வந்தார் ஃபிட்ஸ்ராய் ஈனோ.
"அந்த ஆரஞ்சு மிதவை என்னுடையது.
ராத்திரிக்கு அறுபது டாலர்.
எங்கள் டாலர்தான், பயப்பட வேண்டாம்."
"அடியில் என்ன கட்டியிருக்கிறது?" என்றாள் மார்கிட்.
"கனமானது," என்றார்.

மஞ்சள் கொடி பறக்கும்வரை
கேப்டன் மட்டுமே கரையில் கால் வைக்கலாம்.
கடலில் கேப்டன் மார்கிட்;
காகிதத்தில் நான்.
ஆகவே நான் போனேன்,
இன்னும் ஆடிக்கொண்டிருந்த கால்களோடு.

சுங்க அலுவலகக் கதவில் ஒரு சீட்டு:
எதிரே இருக்கிறேன்.
எதிரே ரம் கடை. பாதிக் கூரைக்கு நீலத் தார்ப்பாய்.
திருமதி வெர்லின் கடோர் ஒரு கையில் டோமினோக் கட்டைகளை விசிறிபோல் பிடித்தபடி
மறு கையால் படிவத்தை நகர்த்தினார்.

பயணத்தில் எவரேனும் இறந்தார்களா? இல்லை.
ஒளிந்து வந்தவர்கள்? இல்லை.
எலிகள் வழக்கத்துக்கு மீறிச் சாகின்றனவா?
"எங்களிடம் எலியே இல்லை."
"இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.
சாகிறதா என்றுதான் கேட்கிறார்கள்."
யோசித்து, இல்லை என்று எழுதினேன்.
கட்டையை அறைந்த அதே வேகத்தில் முத்திரையையும் அறைந்தார்.
மூன்று பேர் தோற்றார்கள்,
நான் நாட்டுக்குள் வந்தேன்.

போன வருஷப் புயல்
நாற்பதடிப் படகு ஒன்றைத் தூக்கிச்
சதுப்புக் காட்டுக்குள் செருகிவிட்டுப் போயிருந்தது.
உரிமையாளர் ஹாம்பர்க்கில்;
மாதம் ஒருமுறை படம் கேட்கிறாராம்.
படத்தில் விழாத பக்கத்தில் கோழிகள் குடியிருக்கின்றன.
வலப்புறம் தட்டினால்
ஒரு சிறுமி எழுந்து வந்து
முட்டைகளைத் தொப்பியில் போட்டுத் தருகிறாள்,
தொப்பி உங்களுடையதாக இருந்தால்.

இரவில் வடக்கிலிருந்து அலை திரும்பியது.
சங்கிலிகள் பல்லைக் கடித்தன.
பக்கத்துப் பிரெஞ்சுப் படகு
விளக்கெல்லாம் எரிய, ஆட்களெல்லாம் கத்த,
ஒரு கல்யாண வீடுபோல எங்களைக் கடந்து போயிற்று, பின்பக்கமாக.
நாங்கள் அசையவில்லை.
எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல்
விடியும்வரை அதை நம்பிக் கிடந்தேன்.

காலையில் கயிற்றோடு கீழே இறங்கினேன்.
கயிறு, சங்கிலி, பிறகு
ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்.
புகைக்குழாயிலிருந்து ஒரு சிங்கி இறால்
மீசையை நீட்டி
யார் என்று பார்த்தது.

"லேடி கிளாரிஸ்," என்றார் ஃபிட்ஸ்ராய்.
"சரக்கும் ஆட்களும் ஏற்றிப் போகும். எங்கள் வீட்டுப் படகு."
மற்ற பாகங்கள்?
பள்ளிக்கூட பெஞ்சு. ரம் கடைக் கதவு.
தேவாலய மணி தொங்கும் உத்தரம்.
ஒவ்வொன்றாக மோவாயால் காட்டினார்.
"அன்றைக்கு எஞ்சின் பக்கத்தில் யார்..." என்று தொடங்கினேன்.
அவர் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணினார்.
"நூற்றிருபது. இரண்டு ராத்திரி. சரியாக இருக்கிறது."

கிளம்பும்போது கயிற்றை நான்தான் அவிழ்த்தேன்.
மிதவை ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது.
மார்கிட் வரைபடத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினாள்:
முட்டை. வலப்புறம்.
கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டாள்.
அதில் இன்றுவரை
எதுவும் எழுதவில்லை.